யாழ்ப்பாணத்து ஓலைவேலியும் பிரித்த வேலியின் மறுபயனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டு வளவையும் தோட்டத்தையும் சுற்றிப் பனையோலையாலோ தென்னங்கிடுகாலோ அடைக்கப்படும் மறைப்பு ஓலைவேலி எனப்படும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குடாநாட்டின் ஒழுங்கைகளில் நடப்பவருக்கு இருபுறமும் தெரிந்தது பெரும்பாலும் இந்த வேலிதான். வேலி என்றதும் மறைப்பும் எல்லைச் சண்டையும் பலருக்கு நினைவுக்கு வரும். 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்ற பழமொழியும் வரும். ஆனால் ஓலைவேலி நிரந்தரமானதன்று. வெயிலும் மழையும் கறையானும் சேர்ந்து ஓரிரு ஆண்டில் அதைத் தின்றுவிடும். பிரித்துப் புதிதாக அடைக்க வேண்டும். அப்படிப் பிரித்த பழைய வேலி எங்கே போனது, யாருக்குக் கொடுக்கப்பட்டது, அந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றபின் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வேலியின் உறுப்புகள்

ஓலைவேலியின் எலும்பு கதியால். நட்டால் வேர்விட்டுத் தழைக்கும் மரத்தின் தடியைக் கதியால் என்பர். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பிற்காலத்தில் சீமைக்கிளுவை ஆகியவை இதற்குப் பயன்பட்டன. கதியால்களுக்குக் குறுக்காகக் கட்டப்படும் மட்டையோ தடியோ வரிச்சு. வரிச்சுகளுக்கிடையே ஓலையை நெருக்கமாக நிறுத்திக் கட்டுவதே வேலி அடைத்தல்.

பனையோலையை வெட்டியவுடன் அடைக்க முடியாது. பச்சை ஓலை விசிறி போல விரிந்து நிற்கும். அதைக் காலால் மிதித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றிச் சில நாள் விட்டால் தட்டையாகும். பிறகு குத்தூசி வரும். நீண்ட கட்டையில் கயிறு கோத்த ஊசி அது. வேலிக்கு வெளியே ஒருவர் நின்று குத்துவார். உள்ளே நிற்பவர் கயிற்றை வாங்கி வரிச்சைச் சுற்றித் திருப்பிக் கொடுப்பார். இருவருக்கும் நடுவே ஓலை இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும். சிறுவனாக இருந்தபோது உள்ளே நிற்கும் வேலை எனக்கு. ஊசி வரும் இடத்தில் விரலை வைத்துவிட்டு அழுததும் உண்டு.

வேலியில் வாசலும் உண்டு. ஒழுங்கைப் பக்கத்தில் படலை. வசதியுள்ள வீடுகளில் அதற்கு மேலே கூரை வேய்ந்த சங்கடப்படலை. அயல் வீட்டுக்குப் போக வேலியில் விடப்படும் சிறு இடைவெளி பொட்டு. கறிக் கிண்ணமும் செய்தியும் பெரும்பாலும் பொட்டு வழியாகவே போயின. இரு வீட்டாரும் கோபித்துக்கொண்டால் முதலில் அடைபடுவதும் அதுவே.

ஏன் இவ்வளவு வேலி

யாழ்ப்பாணத்தாரின் வழக்காறுகளை ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் எழுத்தில் தொகுத்தார். தேசவழமை என அறியப்படும் அத்தொகுப்பு இன்றும் சட்ட வலுவுடையது. பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாக நிலம் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் அதில் முக்கிய இடம் பெறுகிறது. தலைமுறைதோறும் வளவு துண்டாயிற்று. துண்டாகும்தோறும் வேலி நீண்டது.

ஆசிரியப் பழக்கத்தால் ஒரு கணக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர். 4 பரப்பு கொண்ட சதுர வளவின் ஒரு பக்கம் ஏறத்தாழ 104 அடி. சுற்று வேலி ஏறத்தாழ 417 அடி. அதையே ஒவ்வொன்றும் 1 பரப்பாக நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் உள்ளே இன்னும் 209 அடி வேலி வேண்டும். நிலம் ஓர் அடிகூடக் கூடவில்லை; வேலி மட்டும் பாதிப்பங்கு கூடிவிட்டது. இத்தனை நீள வேலிக்கும் ஓலை அடைத்து, உக்கியதும் பிரித்தால் ஓர் ஊரில் எவ்வளவு பழைய ஓலை சேரும் என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

பிரித்த வேலி யாருக்கு

பழைய வேலியின் எந்தப் பகுதியும் குப்பை எனக் கருதப்படவில்லை. பிரிக்கும்போதே அது தரம் பிரிக்கப்பட்டது. கறையான் பெரும்பாலும் அடியைத்தான் தின்னும். மேற்பகுதி உறுதியாக இருந்தால் அதை வெட்டியெடுத்து மாட்டுக் கொட்டிலுக்கோ கிணற்றடிக்கோ மறைப்பாகக் கட்டினார்கள். வரிச்சு மட்டை நல்லதாக இருந்தால் மறுபடியும் வேலியில் ஏறியது. முறிந்தது அடுப்புக்குப் போயிற்று. மீதியாக உக்கி நொறுங்கிய ஓலை தோட்டத்துக்குப் போயிற்று. அளவிலும் பயனிலும் பெரியது இந்தக் கடைசிப் பங்குதான்.

இதன் காரணம் மண்ணில் இருக்கிறது. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். அதன்மேல் உள்ள மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது. வலிகாமத்துச் செம்மண் நல்ல மண்தான். ஆனால் வெப்பத்தில் சேதனப் பொருள் விரைவில் கரைந்துபோகும். ஆறில்லாத நிலத்தில் கிணற்று நீரை இறைத்து ஆண்டு முழுவதும் பயிர் செய்ய வேண்டுமானால் மண்ணுக்கு ஓயாமல் ஏதாவது ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூர் வரை பெயர் பெற்றிருந்த யாழ்ப்பாணப் புகையிலை இப்படிப் பசளையிட்ட மண்ணில் விளைந்தது. ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். மாட்டெரு இட்டார்கள். வன்னியிலிருந்து வண்டி வண்டியாகக் குழை கொண்டுவந்து தாழ்த்தினார்கள். பழைய வேலி ஓலையும் கூரையிலிருந்து இறக்கிய ஓலையும் அதே வரிசையில் இடம்பெற்றன.

ஓலை தாழ்த்துவது எளிய வேலையன்று. வரம்புகளுக்கிடையே கானாக வெட்டி, ஓலையைப் பரப்பி, மண்ணால் மூட வேண்டும். குழை விரைவாக உக்கிப் பயிருக்குச் சத்தைக் கொடுக்கும். ஓலை மெதுவாக உக்கும். அது உடனே பயிரை வளர்ப்பதைவிட மண்ணைப் பொலபொலப்பாக வைத்து ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கே உதவியது. இறைப்புக்கு இடையில் மண் காயாமல் இருந்தால் ஒரு துலா இறைப்பாவது மிச்சம் என்பது தோட்டக்காரருக்குத் தெரிந்த கணக்கு.

தோட்டம் வைத்திருந்தவர் தம் பழைய வேலியைத் தாமே பயன்படுத்தினார். தோட்டம் இல்லாதவர், உதாரணமாகச் சம்பளத்துக்குப் போன குடும்பத்தினர், அயலில் தோட்டம் செய்பவருக்குக் கொடுத்துவிடுவர். எங்கள் ஊரில் இதற்கு விலை பேசியதை நான் கண்டதில்லை. "வேலி பிரிக்கிறம், ஓலை வேணுமெண்டால் வந்து ஏத்துங்கோ" என்று பொட்டில் நின்று ஒரு சொல் சொன்னால் போதும். பிறகு ஒருநாள் ஒரு கடகம் கத்தரிக்காயோ ஒரு பிடி வெங்காயமோ அதே பொட்டு வழியாக வரும். அது விலையா, அன்பளிப்பா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் இதை முழுக்க அன்பின் வரலாறாக எழுதுவது நேர்மையாகாது. வேலி அடைக்க வந்தவர்களில் பெரும்பாலானோர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்கு முற்றத்துக்கு அப்பால் சிரட்டையில் தேநீர் கொடுத்த காலம் அது. பழைய ஓலையில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துச் சென்று தங்கள் குடிசைக்கு மறைப்பாகக் கட்டினார்கள். கொடுத்தவர் அதை ஈகை என்று நினைத்தார். பெற்றவருக்கு அது குறைந்த கூலியின் மறுபாதியாக இருந்தது. 1960களின் பிற்பகுதியில் கோயில்களிலும் தேநீர்க்கடைகளிலும் சம உரிமை கேட்டுப் போராட்டங்கள் நடந்தன. அதற்குச் சில ஆண்டுகளின் பின் எங்கள் வீட்டில் வேலி அடைத்து முடித்த ஒருவர், "ஓலை வேண்டாம், காசாத் தாங்கோ" என்று என் தகப்பனாரிடம் சொன்னார். தகப்பனாருக்கு அன்று முகம் சுண்டிவிட்டது. அவர் கேட்டதில் என்ன பிழை என்று எனக்கு அப்போதே விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. அந்த ஆண்டு ஓலை முழுவதும் எங்கள் தோட்டத்துக்கே போயிற்று.

கதியால் கொடுத்தல்

ஓலையை ஒருமுறைதான் கொடுக்கலாம். கதியாலை ஆண்டுதோறும் கொடுக்கலாம். வேலியில் நிற்கும் பூவரசும் கிளுவையும் வெட்ட வெட்டத் தழைக்கும். கிளைகளில் மெல்லியவை ஆட்டுக்குக் குழையாயின. தடித்தவற்றை ஆள் உயரத்துக்கு வெட்டினால் அதுவே புதிய கதியால். மழை தொடங்கும் ஐப்பசியில் நட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். தனிக்குடித்தனம் போகும் மகளின் புது வளவுக்குத் தாய் வீட்டு வேலியிலிருந்து கதியால் போனது. திருமணத்துக்குக் கன்னிக்காலாக ஊன்றும் முள்முருக்குத் தடியும் யாரோ ஒருவருடைய வேலியிலிருந்து கேட்டு வாங்கியதுதான். கல்யாணம் முடிந்தபின் அது வேர்விட்டு, அந்த வளவிலேயே மரமாக நின்றது. ஒரு கிராமத்தின் வேலி மரங்களில் பல ஒன்றின் கிளை மற்றொன்றாக வளர்ந்தவை என்று சொன்னால் அது மிகையன்று.

மதிலும் யூரியாவும்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கப்பட்டது. சீமெந்து கைக்கெட்டும் பொருளாயிற்று. அரசாங்க உத்தியோகமும் கொழும்புச் சம்பளமும் இருந்த வீடுகளில் ஒழுங்கைப் பக்க வேலி மதிலாக மாறத் தொடங்கியது. முன்பக்கம் மதில், மற்ற மூன்று பக்கமும் ஓலை என்பது நீண்டகாலம் வழக்கமாக இருந்தது. ஓலைக்குரிய செலவும் ஆளும் ஆண்டுதோறும் வேண்டும். மதிலுக்கு ஒருமுறை போதும். அக்கால வீட்டுக்காரரின் நிலையில் நின்று பார்த்தால் மதில் கட்டியதைக் குறை சொல்ல இடமில்லை. வேலி அடைத்தவர்களின் பிள்ளைகள் அந்த வேலையை விட்டு வெளியேறியதையும் யாரும் குறை சொல்லக் கூடாது.

அதே காலத்தில் தோட்டத்திலும் மாற்றம் வந்தது. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. நீர் இறைக்கும் இயந்திரமும் யூரியாவும் பரவின. ஒரு மூடை யூரியா செய்யும் வேலையைச் செய்ய எத்தனை வண்டி ஓலை வேண்டும் என்று கேட்டால் பழைய ஓலை தோற்றுவிடும். தழைச்சத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒப்பிடத்தக்கவையே அல்ல. ஆனால் சேதனப் பொருள் குறைந்த, நீர் விரைந்து வடியும் மண்ணில் இட்ட யூரியாவின் ஒரு பங்கு நைத்திரேற்றாகி நிலத்தடி நீருக்கு இறங்கியது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியுள்ளன. மலசல கூடக் குழிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஓலைவேலி இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஓலை செய்துவந்த வேலையை யூரியா செய்யவில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

இரண்டு உரத் தட்டுப்பாடுகள்

1990இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. சீமெந்து, எரிபொருள், மின்கலம் ஆகியவற்றோடு யூரியாவும் தடைப்பட்டியலில் இருந்தது. வெடிபொருள் செய்யலாம் என்பது காரணம். காங்கேசன்துறை ஆலையும் அதே ஆண்டில் நின்றுபோனது. மதில் கட்ட வழியில்லை, உரம் வாங்கவும் வழியில்லை. மக்கள் ஓலைக்குத் திரும்பினார்கள். இடிந்த மதிலின் இடைவெளியை ஓலையால் அடைத்தார்கள். தோட்டக்காரர் மாட்டெருவையும் குழையையும் பழைய ஓலையையும் தேடினார்கள். அந்த ஆண்டுகளில் வேலி பிரிக்கும் வீட்டுக்கு முதல்நாளே ஆள் வந்து சொல்லிவைத்துப் போனதை நான் கண்டிருக்கிறேன். விளைச்சல் குறைந்தது உண்மை. ஆயினும் தோட்டங்கள் தரிசாகிவிடவில்லை. ஓலை வெட்டத் தெரிந்தவர், மிதிக்கத் தெரிந்தவர், தாழ்த்தத் தெரிந்தவர் அப்போதும் ஊரில் இருந்தார்கள். பழைய ஓலை தரும் வேலிகளும் இருந்தன.

வேலிக்கு அப்போது வேறொரு பயனும் இருந்தது. செல் விழும் நேரத்தில் ஒழுங்கையால் ஓடாமல், பொட்டு வழியாக வளவுக்கு வளவு தாண்டிப் போவார்கள். பொட்டு இல்லாத இடத்தில் ஓலையைப் பிய்த்துக்கொண்டு போவார்கள். மறுநாள் அந்த ஓட்டையைப் பற்றி யாரும் சண்டை பிடிக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தபோது பல வளவுகளில் கதியால் மட்டும் கட்டுக்கடங்காமல் தழைத்து நின்றது. ஓலையும் வரிச்சும் மண்ணோடு மண்ணாகியிருந்தன. வளவு எது, எல்லை எது என்பதைக் காட்டியவை அந்தக் கதியால்களே. இதற்கிடையே பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் பெருமளவில் தறிக்கப்பட்டன. செல்லடியில் தலையிழந்தவையும் ஏராளம். 2002இல் தடை நீங்கியபின் சீமெந்து தாராளமாக வந்தது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளின் பணமும் வந்தது. முன்பக்கம் மட்டுமன்றி நான்கு பக்கமும் மதில் எழுந்தது. மதிலில் பொட்டு வைக்கும் வழக்கம் வரவில்லை.

2021 மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் சேதன வேளாண்மைக்கு மாற வேண்டும் என்பது கட்டளை. அந்தத் தடை அதே ஆண்டின் இறுதிக்குள் விலக்கப்பட்டது. அதற்குள் பயிர்ச்செய்கைக்குப் பெரும் சேதம் நேர்ந்துவிட்டது. ஒரு மாற்றத்தை இப்படி ஏற்பாடின்றித் திணித்தது பெரும் தவறு என்பதே என் கருத்து. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் வெங்காயம் செய்யும் ஒருவர், 1990களில் தம் தகப்பனார் செய்ததுபோல ஓலை தாழ்த்தலாம் என்று எண்ணி ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் கேட்டார். கேட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் மதில் இருந்தது. ஓலைவேலி இருந்த ஓரிரு வீட்டுக்காரர் ஏற்கனவே தங்கள் தென்னைக்கு அதைப் புதைத்துவிட்டிருந்தனர். அவர் கடைசியில் விலை கொடுத்து வன்னியிலிருந்து சிறிதளவு குழை ஏற்றினார், அதுவும் போதவில்லை.

தகரம்

இடம்பெயர்ந்த முகாம்களிலும் மீள்குடியேறிய ஊர்களிலும் ஓலையின் இடத்தைத் தகரம் பிடித்தது. 2009இன் பின் மீள்குடியேறிய குடும்பங்களுக்குத் தற்காலிகக் கொட்டில் அமைக்கத் தகரம் வழங்கப்பட்டது. பிறகு கல்வீடு கிடைத்தபோது அந்தத் தகரம் வீசப்படவில்லை. கூரையிலிருந்து இறங்கி வேலியாயிற்று. வேலியில் துருவேறியபின் கோழிக்கூட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் போயிற்று. அயலில் புதிதாக வந்த குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட தகரங்களும் உண்டு. முகாமின் இலக்கம் மையால் எழுதியிருந்த தகரத்தைக் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வேலியில் பார்த்திருக்கிறேன். ஓலை போன வழியே தகரமும் போகிறது. கடைசித் தரிப்பான தோட்டத்துக்கு மட்டும் அதனால் போக முடியாது.

எங்கள் தாய் வீட்டின் பின்வேலி 2019 புரட்டாதியில் பிரிக்கப்பட்டது. வெளிநாட்டிலுள்ள சகோதரர்கள் மதிலுக்குப் பணம் அனுப்பியிருந்தார்கள். வேலி என்று அப்போது மிஞ்சியிருந்தது கொஞ்சம் கிடுகும் 40க்கும் மேற்பட்ட கதியால்களும்தான். மதில் கட்ட வந்தவர்கள் எல்லாவற்றையும் குவித்து எரித்துவிடலாம் என்றார்கள். கிடுகை அயல் வீட்டார் தென்னம்பாத்திக்கு எடுத்தனர். பூவரசுக்கும் கிளுவைக்கும் ஆள் இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். பளைப் பக்கத்தில் மீள்குடியேறிய ஒருவர் சின்ன லொறியோடு வந்தார். அவருடைய காணியில் போருக்குப்பின் ஒரு மரம்கூட மிஞ்சவில்லையாம். தடிகளை ஆள் உயரத்துக்கு வெட்டி, நுனிப்பக்கத்தைச் சாணியால் பூசி, ஈரச் சாக்கால் மூடி ஏற்றினார். காசு நீட்டினார், வாங்கவில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு கட்டு ஒடியல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு ஆண்டுகளின் பின் அந்தப் பக்கம் போன வேளையில் இறங்கிப் பார்த்தேன். ஏழு கதியால் பட்டுப்போனதாகச் சொன்னார். மற்றவை நின்றன. இடையிடையே தகரம் கட்டியிருந்தது. ஆடு எட்டும் உயரம் வரை ஒரு கதியாலிலும் இலை இல்லை. வரும் ஐப்பசியில் அதிலிருந்து தடி வெட்டித் தருவதாகப் பக்கத்துக் காணிக்காரருக்கு ஏற்கனவே சொல்லிவைத்திருந்தார்.